‘வென் ஐ வாஸ்...’ - உங்கள் ஆங்கில மெயில் சொல்ல வந்ததைச் சொல்கிறதா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய பலர் ஆங்கிலத்தில் கவனத்துடன் உட்கார்ந்து எழுதும் முதல் மெயில் எது தெரியுமா? கம்ப்யூட்டரில் ஏதோ ஒரு கோளாறு ஏற்பட்டு, அதனைச் சரி செய்து தரும்படி நிறுவனத்தின் சப்போர்ட் பிரிவுக்கு அனுப்பும் மெயில்தான். “நான் இதைச் செய்தேன், அப்போது இது நடந்தது” என்பதுதான் அந்த மெயிலின் சாரம். மறுமுனையில் இருக்கும் இஞ்சினியர் உங்கள் கம்ப்யூட்டரைப் பார்க்கப் போவதில்லை. உங்கள் வாக்கியத்தைத்தான் பார்க்கப் போகிறார்.

உதவி கேட்டு எனக்கு வரும் மெயில்களில் நான் முதலில் தேடுவதும் இந்த வாக்கியத்தைத்தான். கோளாறு எப்போது வந்தது என்பது தெரிந்தால் பாதி விடை கிடைத்துவிடும். அந்த ‘எப்போது’ என்பதைச் சொல்வது, ஆங்கிலத்தில் ‘வென் ஐ’, ‘ஆஃப்டர் ஐ’, ‘பிஃபோர் ஐ’ என்று தொடங்கும் சிறு பகுதி. பள்ளியில் இதனை சபார்டினேட் கிளாஸ் என்று படித்திருப்பீர்கள். தமிழில் துணை வாக்கியம். தனியாக நிற்காமல் இன்னொரு வாக்கியத்தைச் சார்ந்து நிற்பது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுபவர்கள் இதனை எப்படிப் பயன்படுத்துகிறார்கள், அதனை உங்கள் கம்ப்யூட்டரிலேயே எப்படிச் சோதித்துப் பார்க்கலாம் என்று இந்தக் கட்டுரையில் பார்க்கலாம்.

ஒரு குறிப்பு: ஆங்கில வாக்கியங்களை இங்கு தமிழ் எழுத்தில் தந்துள்ளேன். கம்ப்யூட்டரில் இவற்றை ஆங்கில எழுத்துகளில் டைப் செய்திட வேண்டும்.

ஒரே கோளாறு, வேறு வேறு செய்தி

பிரிண்டருக்கான டிரைவர் புரோகிராமை இன்ஸ்டால் செய்கிறீர்கள். திரை இருண்டு போகிறது. இதனை எப்படி எழுதுவீர்கள்?

‘வென் ஐ வாஸ் இன்ஸ்டாலிங் தி டிரைவர், தி ஸ்கிரீன் வென்ட் பிளாங்க்.’ இதன் பொருள், இன்ஸ்டால் செய்துகொண்டிருந்தபோது திரை இருண்டது. அதாவது வேலை பாதியில் நின்றிருக்கலாம். ‘வென்’ என்பதற்குப் பதிலாக ‘வைல்’ என்று எழுதினால் இந்தப் பொருள் இன்னும் தெளிவாகும்.

‘வென் ஐ இன்ஸ்டால்டு தி டிரைவர், தி ஸ்கிரீன் வென்ட் பிளாங்க்.’ இன்ஸ்டால் செய்ததும் திரை இருண்டது. இரண்டும் அடுத்தடுத்து நடந்தன என்று படிப்பவர் எடுத்துக்கொள்வார்.

‘ஆஃப்டர் ஐ இன்ஸ்டால்டு தி டிரைவர், தி ஸ்கிரீன் வென்ட் பிளாங்க்.’ இன்ஸ்டால் செய்து முடித்த பிறகு இருண்டது. இங்கே ‘ஐ ஹேட் இன்ஸ்டால்டு’ என்றும் எழுதலாம். ‘ஆஃப்டர்’ என்ற சொல்லே முன்பின் வரிசையைக் காட்டிவிடுவதால், ‘ஹேட்’ இல்லாமலும் ஆங்கிலேயர்கள் எழுதுவார்கள். இரண்டுமே சரி.

இஞ்சினியருக்கு இவை வேறு வேறு கோளாறுகள். முதல் வாக்கியத்தைப் படித்தவர், பாதியில் நின்ற டிரைவரை நீக்கிவிட்டு மீண்டும் இன்ஸ்டால் செய்யச் சொல்லலாம். மூன்றாவதைப் படித்தவர், டிரைவர் முழுமையாகப் பதிந்துவிட்டது, அது இந்தக் கம்ப்யூட்டருக்குப் பொருந்தவில்லை போலும் என்று வேறு டிரைவரைத் தேடலாம். தவறான வாக்கியத்தை அனுப்பினால் தவறான வைத்தியம்தான் வரும்.

தமிழில் நாம் ‘செய்துகொண்டிருந்தபோது’, ‘செய்ததும்’, ‘செய்த பிறகு’ என்று மிகத் தெளிவாகவே பேசுகிறோம். வினைச்சொல்லின் வாலிலேயே எல்லாம் அடங்கிவிடுகிறது. ஆங்கிலத்தில் இதே வேலையை முன்னால் வரும் ஒரு சொல்லும், வினையின் காலமும் சேர்ந்து செய்கின்றன. எனவே முதலில் தமிழில் சொல்லிப் பாருங்கள். எந்த வால் வருகிறதோ அதற்கேற்ற ஆங்கிலச் சொல்லைத் தேர்ந்தெடுங்கள். எல்லாவற்றுக்கும் ‘வென்’ என்று போட்டுவிட வேண்டாம்.

சேவ் ஆனதா, இல்லையா?

இன்னொரு பயனுள்ள வேறுபாடு. கரன்ட் போய்க் கம்ப்யூட்டர் நின்றுவிட்டது. ஃபைலை சேவ் செய்ய முடியவில்லை.

‘பிஃபோர் ஐ சேவ்டு தி ஃபைல், தி சிஸ்டம் ஷட் டவுன்’ என்று எழுதினால், சேவ் செய்வதற்கு முன்பு நின்றது என்று மட்டும்தான் தெரியும். பிறகு சேவ் செய்தீர்களா என்பது தெளிவாக இல்லை. ‘பிஃபோர் ஐ குட் சேவ் தி ஃபைல்’ என்று எழுதுங்கள். ‘குட்’ என்ற ஒரே சொல், “செய்ய நினைத்தேன், அதற்குள் நடந்துவிட்டது” என்பதைச் சொல்லிவிடுகிறது. உங்கள் ஃபைலை மீட்க வேண்டியிருக்கிறது என்று படிப்பவருக்கு உடனே புரியும்.

இதேபோல் ‘சின்ஸ்’. ‘சின்ஸ் ஐ இன்ஸ்டால்டு தி அப்டேட்’ என்று தொடங்கினால் அடுத்த பாதி ‘தி பிரிண்டர் ஹேஸ் நாட் ஒர்க்டு’ என்று வர வேண்டும். அன்று தொடங்கிய பிரச்சனை இன்று வரை தொடர்கிறது என்பது இதன் பொருள். நம் ஊரில் ‘இஸ் நாட் ஒர்க்கிங்’ என்றுதான் பலரும் எழுதுகிறோம். அது புரியாமல் போகாது. ஆனால் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களின் வழக்கம் ‘ஹேஸ் நாட்’ என்பதே.

நினைத்ததும் நடந்ததும்

‘ஐ திங்க் ஐ சேவ்டு தி ஃபைல்’, ‘ஐ தாட் ஐ ஹேட் சேவ்டு தி ஃபைல்’ - இந்த இரண்டையும் பாருங்கள். முதலாவது, சேவ் செய்ததாகவே இப்போதும் நம்புகிறேன் என்பது. இரண்டாவது, சேவ் செய்துவிட்டதாக நினைத்தேன், ஆனால் பார்த்தால் இல்லை என்ற தொனியில் வருவது. முதல் வாக்கியத்தைப் படித்தவர் ஃபைலை ஹார்ட் டிஸ்க்கில் தேடச் சொல்வார். இரண்டாவதைப் படித்தவர், தற்காலிக ஃபைல்களில் ஏதாவது மிஞ்சியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்வார்.

இங்கே இன்னொன்றையும் கவனியுங்கள். ‘ஐ தாட் தட் ஐ ஹேட்’ என்று ‘தட்’ போடவில்லை. பேச்சிலும் சாதாரண மெயில்களிலும் ‘திங்க்’, ‘சே’ போன்ற சொற்களுக்குப் பின் ஆங்கிலேயர்கள் ‘தட்’டைப் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். அதிலும் அடுத்து வருவது ‘ஐ’ போன்ற சிறு சொல் என்றால் இது மிகவும் சாதாரணம். ஆய்வுக் கட்டுரை போன்ற எழுத்தில் ‘தட்’ தங்கிவிடும். 1999-இல் வெளிவந்த லாங்மேன் நிறுவனத்தின் பெரிய ஆங்கில இலக்கண நூல், சுமார் 4 கோடி சொற்களைக் கம்ப்யூட்டரில் தொகுத்து ஆராய்ந்து இதனைக் காட்டியது.

‘நாளை’ எந்த நாளை?

தமிழில் “நாளை கூப்பிடுகிறேன் என்று சொன்னேன்” என்கிறோம். சொன்ன சொற்களை அப்படியே வைத்து ‘என்று’ போட்டால் போதும். இதனை அப்படியே ஆங்கிலத்துக்குக் கொண்டுபோய் ‘ஐ டோல்டு தெம் ஐ வில் கால் டுமாரோ’ என்று எழுதினால் சிக்கல். படிப்பவர், மெயில் வந்த நாளுக்கு அடுத்த நாளைக் கணக்கில் எடுத்துக்கொண்டு உங்கள் அழைப்புக்காகக் காத்திருப்பார்.

நீங்கள் சொன்ன அந்த நாள் ஏற்கெனவே கடந்துவிட்டது என்றால், ‘ஐ டோல்டு தெம் ஐ வுட் கால் தி நெக்ஸ்ட் டே’ என்று எழுத வேண்டும். சொன்னது இறந்த காலம் என்பதால் உள்ளே இருக்கும் ‘வில்’ என்பதும் ‘வுட்’ ஆகிறது. ‘டுமாரோ’ என்பதும் மாறுகிறது. இன்றும் உண்மையாக உள்ள செய்தியானால் நிகழ்காலத்தை அப்படியே விட்டுவிடலாம். ‘ஐ டோல்டு தெம் ஐ லிவ் இன் மதுரை’ என்பதும் சரி, ‘ஐ லிவ்டு’ என்பதும் சரி. இன்றும் மதுரையில்தான் இருக்கிறீர்கள் என்பதை உறுதியாகச் சொல்ல ‘லிவ்’ என்பதே நல்லது.

எம்.எஸ். வேர்ட் ஏன் கோடு போடவில்லை?

“வேர்ட் தொகுப்பில் டைப் செய்து பார்த்தேன். எந்தக் கோடும் விழவில்லை. எனவே சரிதானே?” என்று பலரும் கேட்பது உண்டு. டைப் செய்யும்போதே இலக்கணத்தைச் சோதித்துப் பச்சை நிற நெளிகோடு போடும் வசதி வேர்ட் 97 தொகுப்பில் வந்தது. இன்றைய பதிப்புகளில் அது நீல நிற இரட்டைக் கோடாக மாறியிருக்கிறது. எழுத்துப் பிழைக்கு அன்றும் இன்றும் சிவப்புக் கோடுதான்.

ஆனால் மேலே பார்த்த மூன்று டிரைவர் வாக்கியங்களும் இலக்கணப்படி சரியானவை. அவற்றுக்குக் கோடு போட வேர்ட் தொகுப்புக்குக் காரணமே இல்லை. திரை எப்போது இருண்டது என்பது உங்களுக்குத்தான் தெரியும். கோடு விழவில்லை என்றால் வாக்கியம் சரி என்று மட்டுமே பொருள். செய்தி சரி என்று பொருளல்ல.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு, மெயிலை அதனிடம் கொடுத்துத் திருத்தி வாங்குபவர்களும் இருக்கிறார்கள். செய்யலாம். ஆனால் திரும்பி வரும் மெயிலில் ‘வென்’ என்பது ‘ஆஃப்டர்’ என மாறியிருக்கிறதா, ‘வாஸ் இன்ஸ்டாலிங்’ என்பது ‘இன்ஸ்டால்டு’ ஆகியிருக்கிறதா என்று ஒருமுறை படித்த பின்னரே அனுப்புங்கள். எது முன்னால், எது பின்னால் நடந்தது என்பது அதற்கும் தெரியாது.

‘வாஸ்’ அல்லது ‘வேர்’?

அடுத்து, ஆங்கிலேயர்களே வாதாடிக்கொள்ளும் ஓர் இடம். ‘இஃப் ஐ வாஸ்’, ‘இஃப் ஐ வேர்’ - எது சரி?

நடக்காத ஒன்றைக் கற்பனையாகச் சொல்லும்போது ‘இஃப் ஐ வேர் யூ’ என்பது இலக்கண நூல்கள் விரும்பும் வடிவம். “உங்கள் இடத்தில் நான் இருந்தால்” என்று பொருள். பேச்சில் ‘இஃப் ஐ வாஸ்’ என்பதும் தாராளமாகப் புழங்குகிறது. பாடல் தலைப்புகளிலேயே இதனைப் பார்க்கலாம். 1964-இல் மேடையேறிய ‘ஃபிட்லர் ஆன் தி ரூஃப்’ இசை நாடகத்தின் பாடல் ‘இஃப் ஐ வேர் எ ரிச் மேன்’. 1987-இல் பிரின்ஸ் பாடியது ‘இஃப் ஐ வாஸ் யுவர் கேர்ள்ஃபிரண்ட்’. 2008-இல் பியான்சே பாடியதோ ‘இஃப் ஐ வேர் எ பாய்’. பழையது போய்ப் புதியது வந்துவிட்டது என்று சொல்ல முடியாது. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வாழ்கின்றன.

ஆனால் ‘இஃப்’ வந்தாலே ‘வேர்’ போட்டுவிடக் கூடாது. ‘தி இஞ்சினியர் ஆஸ்க்டு மீ இஃப் ஐ வாஸ் யூசிங் எ லேப்டாப்’ என்பதில் கற்பனை எதுவும் இல்லை. “லேப்டாப் பயன்படுத்துகிறேனா என்று கேட்டார்” என்பதுதான் பொருள். இங்கே ‘வாஸ்’ என்பதே இன்றைய வழக்கம்.

நீங்களே சோதித்துப் பாருங்கள்

இதையெல்லாம் நான் சொல்வதால் நம்ப வேண்டாம். கூகுள் நிறுவனம் 2010-இல் வெளியிட்ட என்கிராம் வ்யூவர் என்ற இலவச வசதி, ஸ்கேன் செய்யப்பட்ட லட்சக்கணக்கான நூல்களில் ஒரு தொடர் எந்த ஆண்டில் எவ்வளவு புழங்கியது என்று வரைபடமாகக் காட்டுகிறது. இதற்கு எந்த சாஃப்ட்வேரையும் இன்ஸ்டால் செய்திட வேண்டியதில்லை.

1. பிரவுசரைத் திறந்து, கூகுள் தேடல் கட்டத்தில் ‘கூகுள் என்கிராம் வ்யூவர்’ என்று ஆங்கிலத்தில் டைப் செய்து என்டர் தட்டுங்கள். முடிவுகளில் கூகுள் புக்ஸ் தளத்தின் லிங்க்கில் கிளிக் செய்திடுங்கள்.

2. மேலே உள்ள கட்டத்தில் ஏற்கெனவே சில பெயர்கள் இருக்கும். அவற்றை அழித்துவிட்டு, ‘இஃப் ஐ வேர் யூ’, ‘இஃப் ஐ வாஸ் யூ’ என்ற இரண்டு தொடர்களையும் நடுவில் ஒரு கமா போட்டு டைப் செய்திடுங்கள். மேற்கோள் குறிகள் வேண்டாம்.

3. ஆண்டுகளை 1900 முதல் 2019 வரை எனத் தந்திடுங்கள்.

4. கேஸ் இன்சென்சிடிவ் என்ற வசதியைத் தேர்ந்தெடுங்கள். அப்போதுதான் வாக்கியத் தொடக்கத்தில் பெரிய எழுத்தில் வருவதும் சேர்த்துக் கணக்கிடப்படும்.

5. என்டர் தட்டினால் இரண்டு வண்ணங்களில் கோடுகள் கிடைக்கும். ‘இஃப் ஐ வேர் யூ’ கோடு வெகு உயரத்தில் இருப்பதைக் காண்பீர்கள்.

இப்போது ‘ஆஸ்க்டு மீ இஃப் ஐ வாஸ்’, ‘ஆஸ்க்டு மீ இஃப் ஐ வேர்’ என்று மாற்றித் தந்து பாருங்கள். அண்மை ஆண்டுகளில் ‘வாஸ்’ மேலே நிற்கும். ‘யூ’ சேர்க்காமல் வெறும் ‘இஃப் ஐ வாஸ்’ என்று தேடியிருந்தால் இந்த இரண்டு பொருளும் ஒன்றாகக் கலந்து ஒரே எண்ணாக வந்திருக்கும். எனவே தொடரை நீளமாகத் தருவது நல்லது. அதிகபட்சம் ஐந்து சொற்கள் தரலாம்.

மொழிப் பட்டியலில் பிரிட்டிஷ் ஆங்கிலம், அமெரிக்க ஆங்கிலம் என்று தனித்தனியாகவும் தேர்ந்தெடுக்கலாம். இன்னொரு வசதி, நட்சத்திரக் குறி. ‘பிஃபோர் ஐ குட்’ என்று டைப் செய்து, ஓர் இடைவெளி விட்டு நட்சத்திரக் குறி போட்டால், அந்த இடத்தில் அதிகம் வரும் பத்துச் சொற்களைக் காட்டும். உங்கள் வாக்கியத்துக்கு ஏற்ற வினைச்சொல் அதில் இருக்கிறதா என்று பாருங்கள்.

பேச்சு வழக்கைப் பார்க்க

நூல்கள் அச்சாகும் முன் எடிட்டர் ஒருவர் கையைத் தாண்டித்தான் வருகின்றன. எழுத்தாளர் ‘வாஸ்’ என்று எழுதியதை எடிட்டர் ‘வேர்’ என்று மாற்றியிருக்கலாம். எனவே பேச்சில் எப்படி வருகிறது என்று பார்க்க வேறு தொகுப்பு வேண்டும்.

இப்படி மொழியைத் தொகுத்து வைப்பதற்கு கார்ப்பஸ் என்று பெயர். 1961-இல் அச்சான அமெரிக்க எழுத்துகளிலிருந்து 10 லட்சம் சொற்களைத் திரட்டி, 1960களில் பிரவுன் பல்கலைக்கழகத்தில் உருவாக்கியது முன்னோடி. 1994-இல் முடிவடைந்த பிரிட்டிஷ் நேஷனல் கார்ப்பஸ் 10 கோடி சொற்கள் கொண்டது. அதில் பத்தில் ஒரு பங்கு பேச்சு. பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தின் மார்க் டேவிஸ் 2008-இல் வெளியிட்ட ‘கோகா’ எனப்படும் அமெரிக்க ஆங்கிலத் தொகுப்பில் 1990 முதல் 2019 வரையிலான 100 கோடிக்கும் மேற்பட்ட சொற்கள் உள்ளன. பேச்சு, கதை, பத்திரிகை, செய்தித்தாள், ஆய்வுக் கட்டுரை, திரைப்பட உரையாடல் எனப் பிரித்து வைத்திருக்கிறார்கள்.

‘கோகா கார்ப்பஸ்’ என்று தேடி அதன் தளத்துக்குச் சென்று, மெயில் முகவரி தந்து இலவசமாகப் பதிவு செய்துகொள்ளலாம். ஒரு நாளில் இத்தனை தேடல்தான் என்ற வரம்பு உண்டு. வீட்டு உபயோகத்துக்கு அது போதும். சார்ட் என்ற பிரிவைத் தேர்ந்தெடுத்து ஒரு தொடரைத் தந்தால், எந்த வகையில் அது எவ்வளவு வருகிறது என்று பட்டைகளாகக் காட்டும். ஒரு பட்டையில் கிளிக் செய்தால் உண்மையான வாக்கியங்களே வரிசையாக வரும். இந்த வாக்கியங்களைப் படிப்பதுதான் மிகப் பெரிய பயன். பத்து வாக்கியங்களைப் படித்தாலே ‘வென் ஐ வாஸ்’ எங்கே பொருந்தும் என்பது மனதில் பதிந்துவிடும்.

கவனிக்க வேண்டியவை

* சாதாரண கூகுள் தேடலில் தொடரை மேற்கோள் குறிகளுக்குள் தந்தும் தேடலாம். வாக்கியங்களைப் பார்க்க அது உதவும். ஆனால் கூகுள் காட்டும் முடிவுகளின் எண்ணிக்கை வெறும் மதிப்பீடு. அதை வைத்து எது சரி என்று தீர்மானிக்க வேண்டாம்.

* என்கிராம் வ்யூவரில் 40 நூல்களுக்குக் குறைவாக வரும் தொடர்கள் காட்டப்படுவதில்லை. கோடு வரவில்லை என்றால் அந்தத் தொடரை யாருமே எழுதவில்லை என்று பொருளல்ல.

* 1800-க்கு முந்தைய நூல்களில் ‘எஸ்’ என்ற எழுத்தின் நீண்ட பழைய வடிவத்தைக் கம்ப்யூட்டர் ‘எஃப்’ என்று படித்துவிடுவதுண்டு. அந்த ஆண்டுகளின் கோடுகளை அப்படியே நம்ப வேண்டாம்.

* அதிகம் பேர் எழுதுவது எது என்று மட்டுமே இந்தத் தளங்கள் சொல்லும். உங்கள் வீட்டில் நடந்தது எது என்று சொல்லாது.

அனுப்பும் முன் ஒரு நிமிடம்

அடுத்த முறை சப்போர்ட் பிரிவுக்கு எழுதும்போது, சென்ட் பட்டனை அழுத்துவதற்கு முன் உங்கள் மெயிலில் ‘ஐ’ வரும் இடங்களை மட்டும் ஒருமுறை பாருங்கள். அதற்கு முன்னால் ‘வென்’ இருக்கிறதா, ‘வைல்’ இருக்கிறதா, ‘ஆஃப்டர்’ இருக்கிறதா? அது நடந்த வரிசையைச் சரியாகக் காட்டுகிறதா? தொடக்கத்தில் ‘ஐ வாஸ் வொன்டரிங் இஃப் யூ குட் ஹெல்ப் மீ’ என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளலாம். இதில் ‘வாஸ்’ இறந்த காலமல்ல, பணிவு. “உதவ முடியுமா என்று பார்க்கிறேன்” என்று தயங்கிக் கேட்பது போன்றது.

கோளாறைக் கண்டுபிடிப்பது அவர்கள் வேலை. அது எப்போது வந்தது என்பதைச் சரியாகச் சொல்வது நம் வேலை. இந்த வாரமே என்கிராம் வ்யூவரைத் திறந்து ஒரு தொடரையாவது தேடிப் பாருங்களேன்.